சின்ன கேபிள், பெரிய கேள்வி: ஓ.டி.ஜி.யின் கதை

மொபைல் கடைகளில் இயர்போன், பேக் கவர், ஸ்கிரீன் கார்டு எல்லாம் தொங்குகிற அதே கம்பியில் ஒரு குட்டி கேபிளும் தொங்கும். ஒரு முனை போனுக்குள் போகும். மறுமுனையில் பென் டிரைவ் சொருகுகிற அகலமான வாய் இருக்கும். இதற்கு ஓ.டி.ஜி. கேபிள் என்று பெயர். "ஆன் தி கோ" என்பதன் சுருக்கம். போகிற போக்கில், கையோடு, கம்ப்யூட்டர் இல்லாமலேயே பயன்படுத்துவது என்று வைத்துக் கொள்ளலாம்.

பழைய மைக்ரோ யூ.எஸ்.பி. வகை ஓ.டி.ஜி. கேபிளைப் பிரித்துப் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். உள்ளே சிப் எதுவும் கிடையாது. போனுக்குள் போகும் முனையில் வரிசையாக ஐந்து பின்கள் இருக்கும். அதில் நான்காவதையும் ஐந்தாவதையும் ஒன்றாக இணைத்திருப்பார்கள். சாதாரண சார்ஜர் கேபிளில் அந்த இணைப்பு இருக்காது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஒரு இணைப்பு ஒரு பெரிய விஷயத்தைச் சொல்கிறது. "இனிமேல் நீதான் கம்ப்யூட்டர்" என்று போனிடம் சொல்கிறது. இதைச் சொல்ல ஒரு வழி கண்டுபிடிக்க யூ.எஸ்.பி. பிறந்து கிட்டத்தட்ட ஆறு வருடம் ஆனது. அந்த வழி சாதாரண மக்கள் கைக்கு வந்துசேர இன்னும் பத்து வருடம் ஆனது. ஏன் இவ்வளவு தாமதம்? அதுதான் இந்தக் கட்டுரை.

வாத்தியாரும் மாணவர்களும்

1990களின் நடுப்பகுதி வரை கம்ப்யூட்டரின் முதுகில் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு ஓட்டை இருந்தது. பிரிண்டருக்கு அகலமான பேரலல் போர்ட், மோடத்துக்கு சீரியல் போர்ட், கீபோர்டுக்கும் மவுசுக்கும் வட்டமான ஓட்டைகள். இவற்றை எல்லாம் ஒன்றாக்க காம்பாக், டி.இ.சி., ஐ.பி.எம்., இன்டெல், மைக்ரோசாஃப்ட், என்.இ.சி., நார்டெல் ஆகிய ஏழு நிறுவனங்கள் சேர்ந்தன. இன்டெல்லில் இந்த வேலையை முன்னின்று செய்தவர்களில் ஒருவர் அஜய் பட். பரோடாவில் படித்து அமெரிக்கா போன இந்தியர். 1996 ஜனவரியில் யூ.எஸ்.பி. 1.0 வெளியானது. 1998-ல் ஆப்பிள் தனது ஐமேக் கம்ப்யூட்டரில் பழைய போர்ட்களைத் தூக்கிவிட்டு யூ.எஸ்.பி.யை நம்பி இறங்கியதும் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது.

யூ.எஸ்.பி. எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள ஒரு வகுப்பறையை நினைத்துக் கொண்டால் போதும். அதுவும் ரொம்பக் கண்டிப்பான வகுப்பறை. ஒரே ஒரு வாத்தியார் இருக்கிறார். அவர் பெயர் ஹோஸ்ட். மற்றவர்கள் எல்லோரும் மாணவர்கள். அவர்கள் பெயர் டிவைஸ். ஒரு வகுப்பில் 127 மாணவர்கள் வரை உட்காரலாம். வாத்தியார் கேட்டால் மட்டுமே மாணவன் வாய் திறக்க வேண்டும். மவுஸை நகர்த்தினால் அது உடனே கம்ப்யூட்டரிடம் ஓடிப்போய்ச் சொல்வதில்லை. கம்ப்யூட்டர்தான் நொடிக்குப் பல தடவை "ஏதாவது நடந்ததா? ஏதாவது நடந்ததா?" என்று மவுஸைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. மாணவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவே கூடாது.

இப்படி வைத்ததற்கு நல்ல காரணம் இருந்தது. மூளை வேலை முழுவதையும் கம்ப்யூட்டர் தலையில் கட்டிவிட்டால், மவுஸையும் கீபோர்டையும் மிக மலிவாகச் செய்யலாம். மின்சாரமும் வாத்தியார் செலவுதான். 5 வோல்ட், அதிகபட்சம் 500 மில்லி ஆம்பியர்.

இந்த ஒழுங்கு குலையாமல் இருக்க பிளக்கின் வடிவத்திலேயே சட்டம் எழுதிவிட்டார்கள். கம்ப்யூட்டர் பக்கம் தட்டையான ஏ வகை. பிரிண்டர் பக்கம் சதுரமான பி வகை. ஒரு கேபிளில் ஒரு பக்கம் ஏ, மறுபக்கம் பி. அதனால் இரண்டு கம்ப்யூட்டர்களையோ இரண்டு பிரிண்டர்களையோ தவறுதலாகக் கூட இணைக்க முடியாது. இரண்டு வாத்தியார்கள் ஒரே அறையில் சண்டை போடும் ஆபத்து இல்லை. இரண்டு மாணவர்கள் யார் முதலில் கேள்வி கேட்பது என்று தெரியாமல் முழித்துக்கொண்டு நிற்கும் நிலையும் இல்லை.

அருமையான ஏற்பாடுதான். மேஜை மேல் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும் வரை.

கையடக்கக் கருவிகள் எந்தப் பக்கம்?

யூ.எஸ்.பி. வெளியான அதே 1996-ல்தான் பாம் நிறுவனத்தின் பைலட் என்ற கையடக்கக் கருவியும் வந்தது. டைரி, முகவரிப் புத்தகம், கணக்கு எல்லாம் சட்டைப் பையில் அடங்கும். ஆனால் அதைக் கம்ப்யூட்டரின் குட்டித் தம்பியாகத்தான் வடிவமைத்திருந்தார்கள். ஒரு தொட்டில் போன்ற தாங்கியில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் விவரங்கள் கம்ப்யூட்டருக்கும் பைலட்டுக்கும் சமமாகும். முதலில் சீரியல் கேபிள் வழியாக. பிறகு 1999-ல் ஹேண்ட்ஸ்பிரிங் நிறுவனத்தின் வைசர் வந்தபோது அந்தத் தொட்டில் யூ.எஸ்.பி.க்கு மாறியது.

டிஜிட்டல் கேமரா, எம்.பி.3 பிளேயர், செல்போன் என்று அடுத்தடுத்து வந்தவை எல்லாமே இதே வழியில்தான் போயின. யூ.எஸ்.பி. வகுப்பறையில் இவை அத்தனையும் மாணவர்கள். கம்ப்யூட்டர் என்ற வாத்தியார் வராவிட்டால் வகுப்பே கிடையாது.

ஆனால் இந்த மாணவர்களுக்குள்ளே ஒரு பிராசஸர் இருந்தது, மெமரி இருந்தது, ஆபரேட்டிங் சிஸ்டம் இருந்தது. கேள்வி கேட்கும் அறிவு இருந்தும் கேட்கும் உரிமை மட்டும் இல்லை. பாம் கருவியில் நீளமாகத் தட்டச்சு செய்ய ஆசைப்பட்டவர் வீட்டிலிருந்த யூ.எஸ்.பி. கீபோர்டைச் சொருக முடியாது. அதற்கென்றே மடக்கும் கீபோர்டுகள் தனியாக விற்றன. அதுவும் ஒவ்வொரு மாடலுக்கும் வேறு வேறு வாய். பாம் மாடலுக்கு வாங்கியது வைசருக்குப் பொருந்தாது. வைசரின் முதுகில் ஸ்பிரிங்போர்டு என்ற ஒரு பள்ளம் இருந்தது. கேமரா, மோடம் போன்ற துணைக்கருவிகளை அதில் சொருகலாம். நல்ல யோசனைதான். ஆனால் அவை வைசருக்கு மட்டுமே பொருந்தும். வைசர் வரிசை நின்றுபோனதும் அவற்றுக்குப் புதுக் கருவி எதுவும் வரவில்லை. மக்கள் காசு கொடுத்து வாங்கிய துணைக்கருவிகள் அலமாரிக்குப் போயின.

பொதுவான ஒரு வாய் இருந்திருந்தால் இந்த நஷ்டம் இல்லை. பொதுவான வாயும் இருந்தது, யூ.எஸ்.பி. என்ற பெயரில். ஆனால் அது ஒரு பக்கமாகத்தான் திறந்தது.

2001: ஐந்தாவது பின்

யூ.எஸ்.பி.யை நிர்வகிக்கும் அமைப்பு இந்தச் சிக்கலைக் கவனிக்காமல் இல்லை. 2000-ல் யூ.எஸ்.பி. 2.0 வந்தது. வேகம் நொடிக்கு 12 மெகாபிட்டிலிருந்து 480 மெகாபிட்டுக்குத் தாவியது. அதற்கு ஒரு இணைப்பாக 2001 டிசம்பரில் ஆன் தி கோ என்ற விதித்தொகுப்பு வெளியானது. கேமராவை நேராகப் பிரிண்டரில் இணைப்பது, ஒரு கையடக்கக் கருவியிலிருந்து இன்னொன்றுக்கு விவரங்களை மாற்றுவது போன்றவைதான் அன்றைய கனவுகள்.

தீர்வு மிக எளிமையானது. அதுவரை யூ.எஸ்.பி.யில் நான்கே கம்பிகள். மின்சாரத்துக்கு ஒன்று, தகவலுக்கு இரண்டு, கிரவுண்ட் ஒன்று. மினி வகைப் பிளக்கில் ஐந்தாவதாக ஒரு பின் இருந்தது. அதற்கு ஐ.டி. பின் என்று பெயர். ஆன் தி கோ அதற்கு வேலை கொடுத்தது. கேபிளின் ஒரு முனையில் இந்தப் பின்னைக் கிரவுண்டோடு இணைத்துவிடுவார்கள். மறுமுனையில் சும்மா விட்டுவிடுவார்கள். எந்தக் கருவியில் கிரவுண்டோடு இணைந்த முனை சொருகப்படுகிறதோ அதுதான் வாத்தியார். மற்றது மாணவன். கேபிளைத் திருப்பிச் சொருகினால் பதவியும் மாறிவிடும்.

இரண்டு வகைப் பிளக்கையும் ஏற்றுக்கொள்ள மினி ஏபி என்ற புது சாக்கெட்டும் வந்தது. குழப்பம் வரக்கூடாது என்று நிறம் கூடக் குறித்தார்கள். ஏ பிளக்குக்கு வெள்ளை, பி பிளக்குக்குக் கறுப்பு, இரண்டையும் ஏற்கும் சாக்கெட்டுக்குச் சாம்பல். கேபிளைத் திருப்பாமலேயே இரண்டு கருவிகளும் தங்களுக்குள் பேசிப் பதவியை மாற்றிக்கொள்ள ஒரு நெறிமுறையும் எழுதினார்கள். பேட்டரியை மிச்சம் பிடிக்க வாத்தியார் மின்சாரத்தை நிறுத்தி வைத்திருந்தால், "கொஞ்சம் போடுங்கள் சார்" என்று மாணவன் கேட்க இன்னொரு நெறிமுறை.

காகிதத்தில் எல்லாம் கச்சிதம். ஆனால் இரண்டு சலுகைகளை விதிகளுக்குள் நுழைத்திருந்தார்கள். முதலாவது, மின்சாரம். சாதாரண யூ.எஸ்.பி.யில் இணைந்த உடனேயே 100 மில்லி ஆம்பியர் வரை ஒரு கருவி எடுத்துக்கொள்ளலாம். ஆன் தி கோ கருவியோ குறைந்தது 8 மில்லி ஆம்பியர் கொடுத்தால் போதும். இரண்டாவது, பட்டியல். தான் எந்தெந்தத் துணைக்கருவிகளை ஆதரிக்கிறது என்று தயாரிப்பாளரே ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளலாம். பட்டியலில் இல்லாததைச் சொருகினால் "ஆதரவு இல்லை" என்று சொல்லிவிடலாம்.

இவை நியாயமான சலுகைகள்தான். சின்ன பேட்டரியை வைத்துக்கொண்டு ஹார்ட் டிஸ்கை ஓட்ட முடியாது. ஒரு விஷயம் இங்கே முக்கியம். போன் பேட்டரியின் அழுத்தம் சுமார் 3.7 வோல்ட். யூ.எஸ்.பி.க்கு வேண்டியது 5 வோல்ட். அதை உயர்த்த போனுக்குள் தனியாக ஒரு சர்க்யூட் வேண்டும். அதற்கு இடம் வேண்டும், காசு வேண்டும், பேட்டரியும் வேண்டும். அத்தோடு ஒவ்வொரு துணைக்கருவிக்கும் மென்பொருள் வேண்டும். ஆக, கேட்கும் உரிமையைக் கொடுக்கலாமா வேண்டாமா என்பது கடைசியில் தயாரிப்பாளரின் விருப்பமாகிவிட்டது.

யாரும் அழைக்காத விருந்து

அடுத்த ஏழெட்டு வருடங்கள் ஆன் தி கோ பெரும்பாலும் விதிப்புத்தகத்திலேயே தூங்கியது. கேமராவை நேராகப் பிரிண்டரில் இணைக்கும் ஆசை 2003-ல் பிக்ட்பிரிட்ஜ் என்ற தரத்தால் நிறைவேறியது. ஆனால் அதில் பிரிண்டர் வாத்தியாரானது, கேமரா மாணவனாகவே இருந்தது. கேமராவின் யூ.எஸ்.பி. வன்பொருளை மாற்ற வேண்டியிருக்கவில்லை. மெமரி கார்டுகளும் மலிவாகி வந்தன. போட்டோவை மாற்ற வேண்டுமா, கார்டைக் கழற்றி வேறு கருவியில் சொருகினால் ஆயிற்று. புளூடூத் வந்தது. யூ.எஸ்.பி. வாய் சார்ஜ் போடவும் கம்ப்யூட்டரோடு இணைக்கவும் மட்டும் என்று எல்லோரும் பழகிவிட்டார்கள்.

2007-ல் மைக்ரோ யூ.எஸ்.பி. வந்தது. மினியை விட மெல்லியது. மினி 5,000 தடவை சொருகிக் கழற்றுவதற்கு என்றால் இது 10,000 தடவைக்கு. அதே வருடம் மினி ஏ, மினி ஏபி இரண்டுக்கும் விடை கொடுக்கப்பட்டது. மைக்ரோவிலும் ஐ.டி. பின் இருந்தது. மைக்ரோ ஏ பிளக் செவ்வக வடிவம், மைக்ரோ பி பிளக் மேல் மூலைகள் சரிந்த வடிவம், இரண்டையும் ஏற்கும் மைக்ரோ ஏபி சாக்கெட் செவ்வகம். 2009-ல் ஐரோப்பாவில் முன்னணிப் போன் நிறுவனங்கள் மைக்ரோ யூ.எஸ்.பி.யைப் பொதுவான சார்ஜர் வாயாக ஏற்க ஒப்புக்கொண்டன. வாய் பொதுவானது. ஆனால் பெரும்பாலான போன்களில் வைத்தது மலிவான மைக்ரோ பி சாக்கெட். அதாவது மாணவன் சாக்கெட்.

2009-ல் வந்த நோக்கியா என்900 இதற்கு நல்ல உதாரணம். லினக்ஸில் ஓடிய, கிட்டத்தட்ட ஒரு குட்டிக் கம்ப்யூட்டரான போன். ஆனால் அதிகாரபூர்வமாக ஹோஸ்ட் வசதி கிடையாது. ஆர்வலர்கள் சும்மா விடவில்லை. கெர்னலைத் திருத்தி அந்த வசதியைத் தாங்களாகவே உண்டாக்கினார்கள். வன்பொருளால் முடியும், ஆனால் திறந்துவிடவில்லை என்பதை வெளிச்சம் போட்டுக் காட்டிய வேலை அது.

அடுத்த வருடமே நோக்கியா மனம் மாறியது. 2010-ல் வந்த என்8 போனின் பெட்டிக்குள்ளேயே ஓ.டி.ஜி. கேபிளை வைத்துக் கொடுத்தார்கள். பென் டிரைவில் இருக்கும் படத்தைப் போனிலேயே பார்க்கலாம். போனில் எடுத்த போட்டோவைப் பென் டிரைவில் போட்டுக் கொடுக்கலாம். பல பேருக்கு ஓ.டி.ஜி. என்ற மூன்றெழுத்து அறிமுகமானது அப்போதுதான்.

தலைகீழாக ஒரு யோசனை

2011 மே மாதம் கூகுள் நடத்திய டெவலப்பர் மாநாட்டில் ஒரு வேடிக்கையான அறிவிப்பு வந்தது. ஆண்ட்ராய்டு போனோடு யார் வேண்டுமானாலும் துணைக்கருவி செய்து இணைக்கலாம், அதற்குத் திறந்த விதிமுறை இதோ என்றார்கள். அதில் வேடிக்கை என்ன? அன்றைய ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலானவற்றுக்கு ஹோஸ்ட் ஆகத் தெரியாது. அதனால் துணைக்கருவியே ஹோஸ்டாக இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். போனோடு பேச விரும்பும் சின்ன மோட்டார் போர்டும் விளக்கும்தான் வாத்தியார், ஆயிரம் மடங்கு அறிவுள்ள போன் மாணவன். போனுக்குச் சார்ஜ் கொடுப்பதும் துணைக்கருவியின் பொறுப்பு.

சிரிப்பாகத் தோன்றினாலும் இதில் புத்திசாலித்தனம் இருந்தது. கோடிக்கணக்கான போன்கள் ஏற்கனவே விற்றுவிட்டன. அவற்றின் வன்பொருளை மாற்ற முடியாது. எனவே மறுபக்கத்தை மாற்றினார்கள். பிறகு 2015-ல் கார்களுக்கு வந்த ஆண்ட்ராய்டு ஆட்டோவும் இதே முறையில்தான் கேபிள் வழியாகப் பேசியது. அங்கே கார்தான் வாத்தியார்.

அதே மாதம் ஆண்ட்ராய்டு 3.1 வெளியானது. அதில் முறையான ஹோஸ்ட் வசதியும் சேர்ந்தது. கீபோர்டு, மவுஸ், கேம் கன்ட்ரோலர், கேமரா எல்லாம் இணைக்கலாம். 3.1 டேப்லட்டுகளுக்கானது. வருடக் கடைசியில் வந்த 4.0 இதைப் போன்களுக்கும் கொண்டு வந்தது. சாம்சங் கேலக்ஸி எஸ்2 போன்ற போன்கள் ஓ.டி.ஜி. கேபிளை ஏற்றுக்கொண்டன.

ஆனால் விருப்பம் என்ற சிக்கல் தீரவில்லை. 2012-ல் கூகுள் பெயரில் வந்த நெக்சஸ் 7 டேப்லட்டில் ஓ.டி.ஜி. கேபிளில் கீபோர்டு வேலை செய்தது. பென் டிரைவைத் தானாகத் திறக்கவில்லை, தனியாக ஒரு ஆப் வேண்டியிருந்தது. அதே வருடக் கடைசியில் வந்த நெக்சஸ் 4 போனோ யூ.எஸ்.பி. வாய் வழியாக 5 வோல்ட்டை வெளியே கொடுக்கவே இல்லை. ஒரே ஆபரேட்டிங் சிஸ்டம், ஒரே வாய், ஒரே கேபிள். ஒன்றில் வேலை செய்யும், ஒன்றில் பாதி, ஒன்றில் ஒன்றுமே இல்லை. வாங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

சட்டத்துக்குப் புறம்பான கேபிள்

இந்த இடத்தில்தான் மொபைல் கடையில் தொங்கும் கேபிள் கதைக்குள் வருகிறது.

விதிப்படி ஓ.டி.ஜி. கேபிளின் போன் பக்கத்தில் செவ்வகமான மைக்ரோ ஏ பிளக் இருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலான போன்களில் இருந்தது மைக்ரோ பி சாக்கெட். செவ்வகப் பிளக் அதில் நுழையாது. மலிவு கேபிள் தயாரிப்பாளர்கள் என்ன செய்தார்கள்? மைக்ரோ பி வடிவத்திலேயே பிளக் செய்து, உள்ளே ஐ.டி. பின்னை மட்டும் கிரவுண்டோடு இணைத்துவிட்டார்கள். வெளியே மாணவன் சட்டை, உள்ளே வாத்தியார் அடையாள அட்டை. யூ.எஸ்.பி. விதிப்புத்தகம் இப்படி ஒரு கேபிளை அனுமதிக்கவில்லை. ஆனால் உலகம் முழுக்க விற்ற ஓ.டி.ஜி. கேபிள்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருந்தன. போன்களும் வாயின் வடிவத்தைப் பார்க்கவில்லை, பின்னைத்தான் பார்த்தன. எனவே வேலை செய்தது.

மின்சாரப் பிரச்சினைக்கும் தெருவே ஒரு விடை கண்டது. ஒய் எழுத்து மாதிரி மூன்று முனை கொண்ட கேபிள். ஒன்று போனுக்கு, ஒன்று துணைக்கருவிக்கு, ஒன்று சார்ஜருக்கு. ஹார்ட் டிஸ்க் கேட்கும் மின்சாரத்தை போன் கொடுக்காவிட்டால் சார்ஜர் கொடுக்கும். போன் துணைக்கருவியையும் ஓட்டிக்கொண்டு சார்ஜும் ஏற்றிக்கொள்ள முறையான ஒரு வழி 2010-ல் வந்த பேட்டரி சார்ஜிங் விதிகளில் இருந்தது. ஐ.டி. பின்னில் வெவ்வேறு அளவு ரெசிஸ்டர் வைத்து நிலைமையைப் போனுக்குச் சொல்லும் முறை. அதைச் சரியாகப் புரிந்துகொண்ட போன்கள் குறைவு.

2014-ல் சான்டிஸ்க் நிறுவனம் ஒரு பக்கம் பெரிய பிளக், மறுபக்கம் மைக்ரோ பிளக் கொண்ட பென் டிரைவை விற்பனைக்குக் கொண்டு வந்தது. கேபிளே தேவையில்லை.

இந்தியாவில் இந்தக் குட்டி வாய்க்குப் பொழுதுபோக்கைத் தாண்டிய ஒரு வேலையும் கிடைத்தது. ஆதார் கைரேகைக் கருவிகளைப் போனோடு இணைப்பது. 2016-ல் ஜியோ வந்தபோது கைரேகை வைத்தால் சில நிமிடங்களில் சிம் கிடைத்தது. கடைக்காரரின் ஆண்ட்ராய்டு போனில் சொருகிய சின்னக் கைரேகைக் கருவி அங்கே வேலை செய்தது. தனியார் நிறுவனங்கள் இப்படி ஆதாரைப் பயன்படுத்துவதற்கு 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது. ஆனால் வங்கிக் கிளை இல்லாத ஊர்களில் வங்கி முகவர்கள் இப்படித்தான் ஒரு போனையும் ஒரு கைரேகைக் கருவியையும் வைத்துக்கொண்டு பணம் கொடுக்கிறார்கள். முதியோர் உதவித்தொகை வாங்க நிற்கும் ஒருவருக்கு அந்த இணைப்பு வேலை செய்வதும் செய்யாததும் சின்ன விஷயம் அல்ல.

ஆப்பிள் போன தனி வழி

ஆப்பிள் இந்த ஐ.டி. பின் பஞ்சாயத்தில் கலந்துகொள்ளவே இல்லை. ஐபாடு, ஐபோன், ஐபேடு எல்லாவற்றிலும் தன்னுடைய 30 பின் வாயையே வைத்திருந்தது. 2010-ல் ஐபேடோடு கூடவே கேமரா கனெக்ஷன் கிட் என்று 29 டாலருக்கு இரண்டு அடாப்டர்களை விற்றது. ஒன்றில் மெமரி கார்டு சொருகலாம், ஒன்றில் யூ.எஸ்.பி. கேபிள் சொருகலாம். கேமராவிலிருந்து போட்டோவை இறக்க மட்டும் என்று பெட்டியில் போட்டிருந்தது.

மக்கள் சும்மா இருப்பார்களா? கீபோர்டைச் சொருகிப் பார்த்தார்கள், வேலை செய்தது. மைக் வைத்த ஹெட்செட்டைச் சொருகினார்கள், அதுவும் வேலை செய்தது. அதே வருடம் நவம்பரில் ஐ.ஓ.எஸ். 4.2 வந்தது. அந்த அடாப்டர் வழியாகக் கொடுத்த மின்சாரத்தை 100 மில்லி ஆம்பியரிலிருந்து 20 மில்லி ஆம்பியராக ஆப்பிள் குறைத்துவிட்டது. நேற்று வரை வேலை செய்த பல கருவிகள் "அதிக மின்சாரம் கேட்கிறது" என்ற செய்தியோடு நின்றன. நடுவில் கரண்ட் இணைப்புள்ள ஒரு ஹப்பை வைத்து மக்கள் சமாளித்தார்கள். ஆனால் அதே 4.2-ல் இசைக் கருவிகளுக்கான மிடி வசதியும் வந்தது. அதனால் போட்டோவுக்காகச் செய்த அடாப்டர் கீபோர்டு வாசிக்கும் இசைக் கலைஞர்களின் பையில் இடம் பிடித்தது.

2012-ல் லைட்னிங் வாய் வந்தது, அடாப்டரும் மாறியது. ஆனால் ஐபோனில் அந்த யூ.எஸ்.பி. அடாப்டர் வேலை செய்ய 2015 டிசம்பரில் வந்த ஐ.ஓ.எஸ். 9.2 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பென் டிரைவையும் ஹார்ட் டிஸ்கையும் ஃபைல்ஸ் ஆப்பில் நேராகத் திறக்க 2019 வரை. வன்பொருள் மாறாமலேயே மென்பொருள் ஒரு நாள் கதவைத் திறந்தது. அப்படியென்றால் அதுவரை பூட்டியிருந்தது யார் என்று கேட்கத் தோன்றும்.

சி வகை: வாய் ஒன்று, கேள்வி பழையது

2014 ஆகஸ்டில் யூ.எஸ்.பி. சி வகை விதிகள் வெளியாயின. எப்படித் திருப்பிச் சொருகினாலும் போகும், இரண்டு முனையும் ஒரே மாதிரி. ஏ, பி என்ற ஜாதி வித்தியாசமே இல்லை. அப்படியென்றால் யார் வாத்தியார், யார் மாணவன்?

அதற்கென்று தனியாக ஒரு கம்பி வைத்தார்கள். அந்தக் கம்பியைக் கிரவுண்ட் பக்கம் இழுக்கும் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் காட்டுபவர் மாணவன். எதிர்ப்பக்கம், அதாவது மின்சாரம் பக்கம் இழுக்கும் ரெசிஸ்டரைக் காட்டுபவர் வாத்தியார். போன் மாதிரி இரண்டு வேடமும் போடத் தெரிந்த கருவிகள் மாறி மாறி இரண்டையும் காட்டிக்கொண்டே இருக்கும். எதிரில் யார் வருகிறார்களோ அதற்கேற்ப நின்றுவிடும். இரண்டு போன்களை நேராக இணைத்தால் பூவா தலையா போட்ட மாதிரிதான், யார் யாருக்குச் சார்ஜ் கொடுப்பது என்பது முதலில் தற்செயலாக முடிவாகும். பிறகு பேசி மாற்றிக்கொள்ளலாம். மின்சாரம் கொடுப்பவர்தான் கேள்வி கேட்க வேண்டும் என்ற பழைய கட்டாயமும் போய்விட்டது. போன் ஹப்பிலிருந்து சார்ஜ் வாங்கிக்கொண்டே அந்த ஹப்பில் இருக்கும் கீபோர்டுக்கு வாத்தியாராகவும் இருக்கலாம். ஒய் கேபிள் செய்த வேலைக்கு இப்போது முறையான வழி பிறந்துவிட்டது.

சி வகை ஓ.டி.ஜி. அடாப்டருக்குள்ளும் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்தான் முக்கியம்.

ஆனால் ஒரு ரெசிஸ்டர் தப்பானால் என்ன ஆகும் என்பதையும் சி வகைதான் காட்டியது. 2015-ல் கூகுள் பொறியாளர் பென்சன் லியூங், இணையத்தில் விற்கும் சி வகை கேபிள்களைத் தானே வாங்கிச் சோதித்து, எது விதிப்படி இருக்கிறது எது இல்லை என்று எழுத ஆரம்பித்தார். பழைய ஏ வாயிலிருந்து சி வாய்க்குப் போகும் கேபிளில் 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். பல கேபிள்களில் 10 கிலோ ஓம் இருந்தது. அது போனிடம் "3 ஆம்பியர் வரை தாராளமாக எடுத்துக்கொள்" என்று பொய் சொல்கிறது. அவ்வளவு கொடுக்க முடியாத பழைய சார்ஜரோ கம்ப்யூட்டரோ மறுமுனையில் இருந்தால் அது பழுதாகலாம். 2016 பிப்ரவரியில் கம்பிகளையே மாற்றி இணைத்திருந்த ஒரு கேபிள் அவருடைய லேப்டாப்பைப் பலி வாங்கியது. அடுத்த மாதமே விதிக்கு ஒத்துவராத சி வகை கேபிள்களை விற்கக் கூடாது என்று அமேசான் தடை போட்டது.

இன்னொரு குழப்பம் ஹெட்போனில் வந்தது. 2016-க்குப் பிறகு பல போன்களில் ஹெட்போன் ஓட்டை காணாமல் போக, சி வாயிலிருந்து ஹெட்போனுக்குப் போகும் அடாப்டர்கள் வந்தன. அதில் இரண்டு ரகம். ஒன்றில் ஒலியாக மாற்றும் சிப் அடாப்டருக்குள்ளேயே இருக்கும். மற்றதில் சிப் இருக்காது, போனே ஒலியை அனுப்ப வேண்டும். பார்க்க இரண்டும் அச்சு அசல். ஒரு போனில் பாடும் அடாப்டர் இன்னொரு போனில் ஊமையாகிவிடும். வாய் ஒன்றானாலும் மொழி ஒன்றாகவில்லை.

சட்டம் தொட்டதும் தொடாததும்

2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் இயற்றியது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே புதிதாக விற்பனைக்கு வரும் போன், டேப்லட், கேமரா போன்றவற்றில் சார்ஜ் ஏற்ற சி வகை வாய் இருந்தே ஆக வேண்டும். தேதி வருவதற்கு முன்பே, 2023 செப்டம்பரில் ஐபோன் 15 லைட்னிங்கைக் கைவிட்டு சி வகைக்கு மாறியது. பத்து பதினைந்து வருடமாகப் பேசிப் பேசி ஓய்ந்த "எல்லாவற்றுக்கும் ஒரே வாய்" என்ற கனவு கிட்டத்தட்ட நிறைவேறியது.

ஆனால் அந்தச் சட்டம் சார்ஜ் ஏற்றுவதைப் பற்றியது. அந்த வாய் வழியாக என்ன பேச வேண்டும், போன் ஹோஸ்டாக இருக்க வேண்டுமா, துணைக்கருவிக்கு எவ்வளவு மின்சாரம் கொடுக்க வேண்டும் என்பதை எல்லாம் அது சொல்லவில்லை. ஐபோன் 15 வரிசையிலேயே சாதாரண மாடலின் வேகம் நொடிக்கு 480 மெகாபிட்தான். அது 2000-ல் வந்த யூ.எஸ்.பி. 2.0 வேகம். ப்ரோ மாடலுக்கு மட்டும் 10 கிகாபிட். வெளியே இருந்து பார்த்தால் இரண்டு வாயும் ஒன்றுதான்.

இந்த வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. கையடக்கக் கருவி கேள்வி கேட்கத் தேவையான தொழில்நுட்பம் 2001-லேயே காகிதத்தில் இருந்தது. செலவு, பேட்டரி, மென்பொருள் எல்லாம் உண்மையான தடைகள்தான். ஆனால் என்900-ன் ஆர்வலர்களும், கேமரா அடாப்டரில் கீபோர்டைச் சொருகியவர்களும், பிளக் வடிவத்தை ஏமாற்றிய மலிவு கேபிள்காரர்களும் காட்டியது வேறு ஒன்று. பல நேரங்களில் கதவு இருந்தது, பூட்டு மட்டும்தான் திறக்கப்படவில்லை.

மேஜைக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. போனில் முடியாவிட்டால் கம்ப்யூட்டரில் செய்துகொள்வார். ஆனால் இந்தியாவில் ஏராளமானவர்களுக்குப் போன்தான் முதல் கம்ப்யூட்டர், ஒரே கம்ப்யூட்டரும் அதுதான். அவர்களுடைய கம்ப்யூட்டர் ஒரு கீபோர்டை ஏற்குமா, ஒரு பிரிண்டரோடு பேசுமா, பார்வையற்ற ஒருவரின் பிரெய்ல் கருவியை அடையாளம் காணுமா என்பதெல்லாம் அந்தச் சின்ன வாய்க்குப் பின்னால் யாரோ எடுத்த முடிவைப் பொறுத்தது. புதுப் போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதோடு, "இதில் ஓ.டி.ஜி. வேலை செய்யுமா?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்பது நல்லது. கடையில் ஒரு பென் டிரைவைச் சொருகிக் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது.